பைத்தானைத் தூக்கும் முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்

"பழைய பைத்தான்தானே, எடுத்துவிட்டுப் புதுசு போடுவோம்" என்று உபுண்டு லினக்ஸ் சர்வரில், மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் ஏப்டி கருவியைக் கூப்பிட்டு, ஏப்டி ரிமூவ் பைத்தான்3 அடித்துவிட்டு முழிப்பவர்கள் பெங்களூரில் குறைவதாகவே இல்லை. இந்த வாரமும் ஒருவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சில்க் போர்டில் ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். கட்டளையோடு மைனஸ் ஒய் வேறு; எதெல்லாம் போகும் என்று ஏப்டி காட்டும் பட்டியலுக்கு, படிக்க விடாமலே "சரி" சொல்லிவிடும் ஆப்ஷன் அது.

"நான் ஒரே ஒரு பேக்கேஜைத்தானே நீக்கச் சொன்னேன்?" எல்லோரும் கேட்பது இதுதான். ஒன்றை நீக்கினால் அதைச் சார்ந்திருக்கும் அத்தனையும் சேர்ந்தே போகும். இது ஏப்டியின் கோளாறு இல்லை. அது செய்ய வேண்டிய வேலையே அதுதான். உபுண்டு 22.04-இல் வரும் பைத்தான் 3.10 உங்கள் புரோகிராமுக்காக வைத்ததல்ல. நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான், கிளவுட் சர்வரை முதல் பூட்டில் தயார் செய்யும் கிளவுட்-இனிட், தானாக செக்யூரிட்டி அப்டேட் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. நெட்பிளான் போன பிறகும், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அறுபடாது. ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். ரீபூட் செய்தால் நெட்வொர்க் எழும்பாது. பிறகு டேட்டா சென்டருக்கோ கன்சோலுக்கோ அலைய வேண்டியதுதான்.

பைத்தான்3 என்றால் எந்தப் பதிப்பு என்று காட்டும் லிங்கை வேறு பதிப்புக்குத் திருப்பிவிடுவதும் இதே ஜாதித் தப்பு. ஏப்டி_பிகேஜி மாட்யூலைக் காணோம் என்று, புது மென்பொருள் மூலங்களைச் சேர்க்கும் ஆட்-ஏப்டி-ரெபாசிட்டரி கட்டளை நின்றுவிடும். புதுப் பதிப்பு வேண்டுமென்றால் பக்கத்திலேயே தனியாக நிறுவி, வென்வ் என்ற தனிச் சூழலுக்குள் வேலை செய்யுங்கள். சிஸ்டம் பைத்தானைத் தொடவே தொடாதீர்கள்.

எதை நீக்குவதானாலும் முதலில் ஏப்டி-கெட் மைனஸ் எஸ் ரிமூவ். வெறும் ஒத்திகை, எதையும் அழிக்காது. ஒன்றை நீக்கச் சொல்லி நாற்பது பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இனி யாருக்கும் தேவையில்லை என்று ஏப்டி நினைப்பவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் காட்டும் பட்டியலில் உங்களுக்கு வேண்டியது இருந்தால், அதை முதலில் ஏப்டி-மார்க் மேனுவல் செய்து, நீங்களே வைத்துக்கொண்டது என்று குறித்துவிடுங்கள். ரிமூவ் இடிசி டைரக்டரியில் இருக்கும் கான்ஃபிக் கோப்புகளை விட்டுவைக்கும். பர்ஜ் அவற்றையும் துடைத்துவிடும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பேக்கேஜ்களை பர்ஜ் செய்யும்போது டேட்டாவையும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். பேக்கப் எடுக்காமல் அந்த இடத்துக்கே போகாதீர்கள்.

கை தவறிவிட்டதா? தயவுசெய்து ரீபூட் செய்யாதீர்கள், எஸ்எஸ்எச் ஜன்னலையும் மூடாதீர்கள். வார்-லாக்-ஏப்டி டைரக்டரியில் ஹிஸ்டரி.லாக் இருக்கிறது, கடைசிப் பதிவின் ரிமூவ் வரியில் போனவை அத்தனையின் பெயரும் இருக்கும். அவற்றை அப்படியே திரும்ப நிறுவுங்கள். இடிசி-க்குள் நெட்பிளான் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து, நெட்பிளான் ஜெனரேட் பிழையில்லாமல் ஓடிய பிறகே ரீபூட். ஏப்டிக்குப் பதில் டிஎன்எஃப் இருக்கும் ரெட்ஹேட் வகை சர்வர் என்றால், கடைசியாகச் செய்ததைத் திருப்ப டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ லாஸ்ட்.