தாலாட்டுக்குப் பின்னால் ஒரு உஸ்ஸ்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அத்தை பாடும் தாலாட்டை ரெக்கார்டரில் பதிந்து வந்தேன். ஹெட்போனில் கேட்டால் பாட்டுக்குப் பின்னால் ஓயாத உஸ்ஸ். "16 பிட்ல எடுத்தா அப்படித்தான்" என்றான் நண்பன். சரி என்று 24 பிட்டுக்கு மாற்றி மறுபடியும் போய்ப் பதிந்தேன். உஸ்ஸ் அப்படியே இருந்தது.

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ரெக்கார்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதுகிறது; சிடியில் 44,100 முறை. அளக்கும் தராசு எவ்வளவு நுணுக்கமானது என்பதுதான் பிட். 16 பிட்டில் 65,536 படிகள், 24 பிட்டில் சுமார் 1 கோடியே 68 லட்சம். இரண்டு படிகளுக்கு நடுவே விழும் அளவு பக்கத்துப் படிக்குத் தள்ளப்படும். அந்தச் சிறு பிழைகள் சேர்ந்துதான் மெல்லிய இரைச்சலாகின்றன. ஒரு பிட் கூடினால் பிழை பாதியாகும், அதாவது இரைச்சல் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) இறங்கும். 8 பிட்டில் காதில் நன்றாகவே விழும். 16 பிட்டிலோ அது உச்ச ஒலிக்குக் கிட்டத்தட்ட 96 டெசிபல் கீழே கிடக்கும்.

அத்தை வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். மைக்கருகே குரல் 75 டெசிபல், ஃபேனும் தூரத்து அலையும் சேர்ந்து 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 35தான். நான் கேட்ட உஸ்ஸ் ஃபேனுடையது. பிட்டின் இரைச்சல் அதற்கும் வெகு ஆழத்தில். மீனில் ஒட்டிய மணலையும் சேர்த்துத்தான் தராசு நிறுக்கும். தராசு நுணுக்கமானால் மணலின் எடை துல்லியமாகத் தெரியுமே தவிர, மணல் உதிராது.

அப்படியானால் 24 பிட் வீணா? இல்லை. மெதுவாகப் பாடிக்கொண்டிருந்த அத்தை திடீரென்று கோழியை விரட்டக் கத்தினால் ஒலி உச்சத்தில் முட்டி உடையும். அதற்குப் பயந்து லெவலை 20 டெசிபல் குறைத்துப் பதிந்து, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது பிட் இரைச்சலும் கூடவே ஏறும், ஆனால் 24 பிட்டில் அது கேட்காது. கணக்குப்படி 24 பிட்டின் இரைச்சல் உச்ச ஒலிக்கு 144 டெசிபல் கீழே என்பார்கள். மின்சுற்றின் வெப்ப இரைச்சலால் நல்ல கருவிகளே 120ஐ ஒட்டித்தான் நிற்கும்.

ஃபேன் உஸ்ஸை அமுக்க வழி வேறு. மைக்கை வாய்க்குப் பாதி தூரத்துக்கு நகர்த்தினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். ஃபேன் ஏறாது. இரண்டடியிலிருந்து அரையடிக்குக் கொண்டுவந்தால் 12 லாபம், செலவில்லாமல்.

மூன்றாம் முறை ஃபேனையும் நிறுத்தினேன். பாட்டு தெளிவாக வந்தது. முடிவில், "சீக்கிரம் போடுடா ஃபேன, வேர்த்துக் கொட்டுது" என்பதும் அதே தெளிவில் பதிவாகியிருக்கிறது.