அலாஸ்காவில் கரையிறங்கும் முன்: நடுவழியில் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?

கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில்தான் எங்கள் மருத்துவ அறையில் கூட்டம் சேரும். பயணக் கப்பல்களில் மருத்துவராகப் பணியாற்றும் நான், பல கோடைக்காலங்களை அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில், ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிகன், ஹூனா ஆகிய துறைமுகங்களுக்கு இடையே கழித்திருக்கிறேன். காலையில் உற்சாகமாக இறங்கிப் போனவர்கள் மாலையில் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடியும், ஒற்றைக் காலில் தத்தியபடியும், சில நேரம் நெஞ்சில் கை வைத்தபடியும் வந்து சேர்வார்கள். தம் உடலுக்கு ஒவ்வாத கரைச் சுற்றுலா ஒன்றைப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் அவர்களில் பலர் செய்த பிழை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கோடை விடுமுறையில் அலாஸ்காவுக்கு அழைத்து வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கரையில் எங்கே போவது, என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே முடிவு செய்து, பணமும் கட்டிவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு முதல் நாளே வந்த ஓர் அம்மாவிடம், மறுநாள் பனியாற்று நடை வேண்டாமே என்று சொன்னேன். "பையன் ஆசையா புக் பண்ணிட்டான் டாக்டர், அவ்வளவு காசு கட்டியிருக்கான், வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றார். இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. என் பெற்றோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரையைப் பெற்றோரைவிடப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

சுற்றுலாப் பட்டியலில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு குறி இருக்கும். வார இறுதிதோறும் மலையேறுகிறவருக்கும், மாலையில் பூங்காவின் சமதரையில் அரை மணி நேரம் நடக்கிறவருக்கும் அதே 'நடுத்தரம்'தான். அந்தக் குறியை மட்டும் நம்பாமல், எந்த இடம் வரை திரும்பி வரலாம், எந்த இடத்துக்குப் பிறகு திரும்ப முடியாது என்று கேளுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் அறிவுரை. காட்டுக் கரையில் தூரத்தைவிட இந்தக் கணக்கே முக்கியமானது.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் நகெட் அருவி வரை நடக்கலாம். போய்வர ஏறத்தாழ 3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, மூச்சு வாங்கினால் எந்த இடத்திலும் நின்று திரும்பிவிடலாம், கழிப்பறை பார்வையாளர் மையத்திலேயே இருக்கிறது. அதே பனியாற்றின் மேல் ஹெலிகாப்டரில் இறங்கி, காலணியில் இரும்பு முள் கட்டி நடக்கும் பயணத்தில், நடுவில் முடியவில்லை என்றால் பனிக்கட்டியின் மேலேயே காத்திருக்க வேண்டும். மேகம் தாழ்ந்து ஹெலிகாப்டர் வருவது தாமதமானால், காத்திருப்பு நீளும். இரண்டும் பார்ப்பது ஒரே பனியாற்றைத்தான். ஆனால் உடலிடம் கேட்பது முற்றிலும் வேறு. கெட்சிகனில் ஊரின் விளிம்பிலேயே தொடங்கும் டீர் மலைப்பாதையில் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏறக்குறைய 3,000 அடி உயரத்துக்கு ஏறும் அந்தப் பாதையில் ஏறியவர்களை நான் பார்ப்பது இறக்கத்தில் விழுந்த பிறகு. அந்த ஊரில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சென்னையில் பெய்வதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பாதையின் குறுக்கே ஓடும் மரவேர்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். களைத்த தொடை, தேய்ந்த அடிப்பகுதி கொண்ட நடைக்காலணி, மணியைப் பார்த்து எட்டிப் போட்ட நடை ஆகிய மூன்றும் சேரும்போது, கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிகிறது. அப்படி வந்த ஒருவரின் காலணியைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் பள்ளங்களே இல்லாமல் வழவழவென்று இருந்தது. பயணத்துக்காகப் புதிதாக வாங்கிய மழைக்கோட்டின் விலைச்சீட்டு மட்டும் இன்னும் ஜிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கயாக் என்னும் துடுப்புப் படகுப் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் அமைதியாகத் தெரியும் அதுதான் திரும்ப முடியாத பயணங்களில் முதன்மையானது. கரையிலிருந்து விலகிய பிறகு, போன தூரமெல்லாம் நீங்களே துடுப்புப் போட்டுத் திரும்ப வேண்டிய தூரம். கோடையிலும் அந்தக் கடல்நீர் ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு இந்த எண் எதையும் உணர்த்தாது. குளிர்நீர் மருத்துவத்தில் 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால், திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஏறத்தாழ ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கும் காலம் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்பும் முன் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே இருக்க உயிர்காப்புச் சட்டை இறுக்கமாகக் கட்டியிருக்க வேண்டும். நீச்சல் தெரியும் என்பது அங்கே பெரிதாக உதவாது. பதிவு செய்யும்போதே கேளுங்கள்: கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் செல்வார்கள்? உடன் மோட்டார் படகு வருமா? காற்று எழுந்தால் எங்கே ஒதுங்குவார்கள்? இருவர் படகா, ஒருவர் படகா? இருவர் படகென்றால், களைப்படையக்கூடியவரோடு வலுவானவரைச் சேர்ப்பார்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனத்தை நான் நம்புவேன். கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கிறவர்களிடம் என் பெற்றோரை அனுப்பமாட்டேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஒருவர், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன், காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிற்றுண்டியைத் தவிர்த்துவிட்டார். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருந்தார். துடுப்புப் போடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அவருக்கு உடல் நடுங்கியது, பேச்சு குழறியது, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னார். குளிர் தாக்கிவிட்டது என்று கருதிய வழிகாட்டி, கரையொதுக்கிக் கம்பளி போர்த்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது: உடல் குளிர்வதற்கும் இரத்தச் சர்க்கரை சரிவதற்கும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. அவர் மனைவிதான், சாப்பிடாமல் மாத்திரை போட்டது நினைவுக்கு வந்து, பக்கத்துப் படகில் இருந்தவரிடம் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. அந்த மனைவி உடன் வராமல் கப்பலிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதை வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே பயணத்தைத் தொடங்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் பையின் அடியில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் அன்றிரவுகூடச் சர்க்கரை சரியலாம் என்பதால், படுக்கும் முன் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். காட்டில் கழிப்பறை இல்லை என்று தெரிந்ததும் வயதானவர்கள், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ கொடுத்த நீர் பிரிக்கும் மாத்திரையையும் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். மயக்கமும் மூச்சுத் திணறலும் இப்படித்தான் வந்து சேருகின்றன. கழிப்பறை எங்கே, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற பயணத்தைத் தேர்வதில் எந்த இழிவும் இல்லை. மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால் உங்கள் மருத்துவரிடமோ எங்களிடமோ முதல் நாளே கேளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சிறு வீழ்ச்சியில் தலையில் படும் அடிகூட ஆபத்தாக முடியலாம் என்பதால், கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் விளையாட்டுகளையும் பனி நடையையும் நான் பொதுவாக வேண்டாம் என்றே சொல்வேன்.

உங்கள் உடல்நிலையை அளக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நிற்காமல், கைப்பிடியை இழுக்காமல், இரண்டு மாடி ஏற முடிகிறதா என்று பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது. அதிலேயே மூச்சு வாங்கினால் 'எளிது' என்ற குறியைத் தாண்ட வேண்டாம். மலைப்பாதைப் பயணமென்றால் இன்னும் கடுமையான ஒத்திகை வேண்டும்; பழனியின் 693 படிகளை ஏறி, அதைவிட முக்கியமாக, மறுநாள் முழங்கால் வீங்காதபடி இறங்கிவர முடிந்தவர்கள் நம்பிக்கையோடு பதிவு செய்யலாம். இந்த ஒத்திகையைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிப்பதற்குக் காரணம், உதவி தொலைவில் இருப்பது. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கே வெளியுலகோடு சாலைத் தொடர்பு கிடையாது. விமானம் அல்லது படகுதான். ஸ்கேக்வேயில் இருப்பது சிறு மருத்துவமனைக்கும் குறைவான சிகிச்சை மையமே. ஜூனோவில் நல்ல மருத்துவமனை உண்டு என்றாலும், கடுமையான நோயாளிகளைப் பெரும்பாலும் ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டிலுக்கோ, ஆங்கரேஜுக்கோ விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். மூடுபனி இறங்கினால் அந்த விமானமும் காத்திருக்கும். பயணக் காப்பீட்டில் மருத்துவ விமானச் செலவு அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

வானிலை காரணமாகப் பயணம் ரத்தானால் கோபப்படும் பயணிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 2015 ஜூனில் கெட்சிகன் அருகே மலையில் மோதிய கடல் விமானத்தில், கப்பலிலிருந்து சுற்றிப் பார்க்கப் போனவர்களும் விமானியுமாக ஒன்பது பேர் இறந்தனர். மோசமான வானிலையிலும் பறப்பதை மறைமுகமாக ஆதரித்த நிறுவனப் போக்கையும், அப்பகுதி நிறுவனங்களுக்கு இடையிலான போட்டி நெருக்கடியையும் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது. 2019 மே மாதம் அதே பகுதியில் இரண்டு சுற்றுலா விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் இறந்தனர். பறக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இன்று வேண்டாம்" என்று சொல்லும் விமானியை மதியுங்கள், மேகம் மலையை மூடியிருக்கும்போது "காசைத் திருப்பித் தருவீர்களா?" என்று அவரை நெருக்காதீர்கள்.

கப்பல் நிறுவனமே விற்கும் பயணம் என்பதால் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கருதுவதும் சரியன்று. நியூசிலாந்தின் வக்காரி தீவு எரிமலையின் எச்சரிக்கை நிலையை 2019 நவம்பரில் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு உயர்த்தினார்கள், சுற்றுலா தொடர்ந்தது. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தனர். அந்த 47 பேரில் 38 பேர் ஒரே பயணக் கப்பலிலிருந்து வந்தவர்கள். அரசு வெளியிடும் எச்சரிக்கையைப் பயணி தாமே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மெண்டன்ஹாலுக்கும் இது பொருந்தும். 2011 முதல், பனியாற்றின் பக்கவாட்டில் தேங்கும் நீர் கோடையில் திடீரென உடைத்துக்கொண்டு வருகிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஆகஸ்டில் பெருவெள்ளம். அந்த மாதத்தில் போகிறவர்கள் வெள்ள அறிவிப்பைப் பாருங்கள். பனிக்குகைப் படங்களை நம்பி வழிகாட்டியில்லாமல் உள்ளே நுழையாதீர்கள். அந்தக் கூரை முன்னறிவிப்பின்றி இடிந்து விழக்கூடியது.

கரடிகளைப் பற்றிக் கேட்காத பயணியே இல்லை, ஆனால் என் அறைக்கு வந்தவர்களில் கரடியால் காயம்பட்டவர் ஒருவரும் இல்லை. ஹூனா இருக்கும் சிச்சகாஃப் தீவில் பழுப்புக் கரடிகள் நிறைய உண்டு. அங்கே வழிகாட்டியோடு, குழுவாக, பேசிக்கொண்டே நடந்தால் போதும். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது.

தனியார் நிறுவனத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் செலவு குறையலாம், குழுவும் சிறிதாக இருக்கும். ஆனால் நீங்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. அடுத்த நிறுத்தம் கனடாவின் விக்டோரியா என்றால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கனடா விசாவும் கையில் இருக்க வேண்டும். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும் உள்ளூர் நேரமும் கப்பல் நேரமும் சில நாள்களில் ஒரு மணி நேரம் வேறுபடும்; கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் முன் ஒரு தாளில் உங்கள் பெயர், மருந்துகள், அவற்றின் அளவு, ஒவ்வாமை, அறை எண், அன்றைய கப்பல் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் (கரையில் கப்பலின் பிரதிநிதி) தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் பிடித்து வைத்தால் போதாது. மழையில் விறைத்த விரலுக்குத் தொடுதிரை கேட்காது, நினைவு தப்பியவரின் கைபேசியைப் பிறரால் திறக்கவும் முடியாது. அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்புப் பக்கச் சட்டைப் பையில் வையுங்கள். மயங்கிக் கிடப்பவரிடம் வழிகாட்டியின் கை முதலில் தேடுவது அங்கேதான்.