ஃபேர் ஹவுசிங்: ‘நியாயமான வீடு’ அன்று

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்றொரு பகுதி இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவருக்காக அந்தப் பக்கமும் அழகாபுரத்திலும் ஒரு மாதம் வீடு தேடினோம். வாடகையைப் பற்றிப் பேச்சு எழுமுன்பே “சொந்த ஊர் எது?” என்பார்கள். ஊரைச் சொன்னால் “அங்கே எந்தத் தெரு?” என்பார்கள். சாதி என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மறுநாள் தரகர் அழைத்து, “வீட்டுக்காரரின் மகளே குடிவரப் போகிறாராம்” என்பார். அந்த ஒரு மாதத்தில் தாய்வீட்டுக்குத் திரும்பிய மகள்களை எண்ணினால் சேலத்துக்கு இன்னொரு பஸ் நிலையம் தேவைப்பட்டிருக்கும்.

அந்த நாட்களில்தான் ‘ஃபேர் ஹவுசிங்’ என்ற அமெரிக்கச் சட்டத் தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ‘நியாயமான வீட்டுவசதி’ என்பதுதான் முதலில் நாவில் வருகிறது. அதில் இரண்டு வழுக்கல்கள். நியாய விலைக் கடையில் அரிசி வாங்கிப் பழகிய நமக்கு, ‘நியாயமான’ என்றதும் விலைதான் தோன்றும். ‘வீட்டுவசதி’ என்றால் வாரியக் குடியிருப்பு நினைவுக்கு வரும். இரண்டையும் சேர்த்தால் மலிவு வாடகைக்கு அரசு வீடு என்றாகிவிடுகிறது. 1968 ஏப்ரலில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தான அந்தச் சட்டம் மலிவைப் பற்றிப் பேசவே இல்லை. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காட்டி வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுக்கக் கூடாது என்றது. 1974இல் பாலினமும், 1988இல் மாற்றுத்திறனும் குழந்தைகளோடு வாழும் குடும்பநிலையும் சேர்ந்தன.

அதிலும் ஒரு சந்து உண்டு. நான்கு குடித்தனங்களுக்கு மிகாத கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டாது. கீழே வீட்டுக்காரர், மாடியில் வாடகைக் குடித்தனம் என்ற நம் ஊர் அமைப்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது! ஆனால் அவர்கூட ‘இன்னாருக்கு மட்டும்’ என்று விளம்பரம் செய்ய முடியாது. இனத்தைக் காட்டி மறுப்பதையோ 1866ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் தடுக்கிறது.

‘ஃபேர்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அழகு என்றே பொருள். பிறகு மாசின்மை, ஓரம் சாராமை, வெளுத்த நிறம் என்று கிளைத்தது. நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டத்தின் பெயரிலேயே வெள்ளைத் தோலையும் குறிக்கும் சொல் உட்கார்ந்திருப்பது விநோதம்தான். நம்மிடம் இதற்கு அச்சான இணை ‘செம்மை’. சிவப்பு, அழகு, நேர்மை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. செங்கோலில் இருப்பதும் அதுவே. அதே வேரிலிருந்து வந்த ‘செப்பம்’ என்ற சொல்லை வள்ளுவர் நடுவுநிலைமை என்ற பொருளிலேயே ஆண்டார். ஆனால் ‘செப்பமான வீடு’ என்றால் இன்று வெள்ளையடித்துத் தயாராக இருக்கும் வீடு என்று நினைப்பார்கள். ஆகவே அதையும் மனமில்லாமல் விட்டுவிடுகிறேன்.

எதிர்ச்சொல் வழியாகப் போனால் வழி தெரிகிறது. ‘பாரபட்சம்’ வடசொல் வழி வந்தது. பட்சம் என்றால் பக்கம். தமிழில் அதுதான் ‘ஓரம்’. ‘மன்றோரம் சொன்னார் மனை’ பாழாகும் என்கிறது நல்வழி: வழக்கில் ஒருபக்கம் சாய்ந்தவரின் வீட்டில் வேதாளம் சேரும், பாம்பு குடிபுகும். ‘பாகுபாடு’ பகு என்ற வேரில் பிறந்தது. இலக்கணத்தில் அது வெறும் வகைப்படுத்தல், பழியில்லாத சொல். வகைப்படுத்தியதோடு நில்லாமல் கதவையும் சாத்தியபோதுதான் அதற்குக் கசப்பு ஏறியது.

நம் அரசமைப்பின் 15ஆவது கூறு கடை, உணவகம், கிணறு, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் ‘மகள் வருகிறார்’ என்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? 2019இன் திருநர் உரிமைச் சட்டம் தெளிவாக இருக்கிறது: வசிக்க, வாங்க, வாடகைக்கு எடுக்க உள்ள உரிமையை மறுக்கக் கூடாது. எல்லாம் வினைச்சொற்கள் என்பதைக் கவனியுங்கள். சட்டம் காப்பது வீடு என்ற பொருளை அன்று, புகுதல் என்ற செயலை.

அதனால் என் பரிந்துரை ‘குடிபுகும் சமவுரிமை’. நாளேட்டுத் தலைப்புக்கு நீளம் என்றால் ‘ஓரமில்லாக் குடிபுகல்’ என்றும் எழுதலாம். ‘குடி’யில் வீடும் அதில் வாழ்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள், வாடகைக்கு நம் பழைய பெயரும் குடிக்கூலிதான்.

இளைஞருக்குக் கடைசியில் சேலத்திலேயே ‘குகை’ என்ற பெயருள்ள பகுதியில் வீடு கிடைத்தது. அங்கிருந்த பாட்டி கேட்டது ஒரே கேள்வி: “மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் யார் வீட்டில் இருப்பீர்கள்?”