வெள்ளம் வடிந்த வீட்டில் சுவர் எப்படிக் காய்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த மாதமே பொங்கல். பெயின்ட் அடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஈரச்சுவரில் அடித்த பெயின்ட் நிற்காது.

3 கிலோ செங்கல் ஒன்று தன் எடையில் 20 சதவீதம் வரை, அதாவது 600 மில்லி தண்ணீர் குடிக்கும். ஒன்பது அங்குலச் சுவரில் சதுர மீட்டருக்கு நூறு செங்கலாவது இருக்கும். பாதி ஊறினாலே 30 லிட்டர். நுண்துளைகள் வழியே ஈரம் மேலேறுவதால், வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலும் சுவர் நனைந்திருக்கும்.

இது இரண்டு கட்டமாக வெளியேறுகிறது. முதலில் தண்ணீர் நீராகவே மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். அப்போது காற்றோட்டம்தான் முக்கியம். சுவரை உரசிக்கொண்டு காற்று போகும்படி ஃபேனைச் சாய்த்து வையுங்கள். (நனைந்த வயரிங்கை எலக்ட்ரீஷியன் மெகர் என்ற மின்கசிவு சோதிக்கும் கருவி வைத்துச் சோதிக்கும்வரை மெயினைப் போடவே கூடாது.) மேற்பரப்பு வெளுத்தபின் இரண்டாம் கட்டம். ஈரம் சுவருக்குள்ளேயே ஆவியாகித் துளைகள் வழியே ஊர்ந்து வர வேண்டும். இனி ஃபேன் அதிகம் உதவாது. வாரக்கணக்கில், சில சுவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். காய்ந்துவிட்டது என்று ஏமாறுவது இங்கேதான்.

ஆவி வெளியேற வழி வேண்டும். நனைந்த உயரத்துக்கு மேல் ஓர் அடி வரை எமல்ஷன் பெயின்டையும் அதற்கு அடியில் இழைத்த பட்டியையும் (புட்டி) சுரண்டி எடுங்கள். தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் பூச்சைக் கொத்திவிடுங்கள். பீரோ, கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். இரண்டு நாளிலேயே பின்னால் பூஞ்சை பிடிக்கும். வெயில் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மழை நேரத்தில் வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். அப்போது சாத்திவிட்டு ஏசியை டிரை மோடில் ஓட்டுவது நல்லது.

காயும் சுவரில் உப்புப் பூக்கும். அதைக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். இதே உப்பு பெயின்டுக்கு அடியில் படிகமாக வளர்ந்தால், அந்த அழுத்தத்தில் பெயின்ட் பட்டியோடு உரிந்து விழும். உள்சுவருக்கு வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்து மூடுவதும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் வேலைதான். பண்டிகைக்கு வெளுப்பு வேண்டுமானால் சுண்ணாம்பு அடியுங்கள். அது ஆவியை விடும்.

பெயின்ட் அடிக்கும்முன் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருங்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடம்தான் கடைசியாகக் காயும்.