கேபாட்

சென்ற வாரம் எங்கள் புளோக்குக்குக் கீழே ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, ஸ்கூல்ல பசங்க கேபாட், கேபாட்னு பேசிக்கிறாங்களாம். அது என்ன, புது போனா?"

போன் இல்லை, மயக்க மருந்து கலந்த திரவத்தை ஆவியாக இழுக்கும் மின்சிகரெட். 'பாட்' என்றால் ஆங்கிலத்தில் அவரை, பட்டாணி போன்றவற்றின் நெற்று. மின்சிகரெட்டில் திரவத்தை அடைத்துச் செருகும் சிறு குப்பிக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. 'கே' கேட்டமினின் முதலெழுத்து. 1962இல் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து அது. கீட்டோன், அமீன் என்ற இரு வேதியியல் சொற்களை ஒட்டிய பெயர். ஆனால் சிங்கப்பூரில் பிடிபடும் கேபாட்களில் பெரும்பாலும் இருப்பது எட்டோமிடேட் என்ற வேறொரு மயக்க மருந்து. ஆக, பெயரின் முதலெழுத்தே பொய். பறிமுதல் செய்த நூற்றுக்கு மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்ததாக 2025இல் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் தெரிவித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 1இல் எட்டோமிடேட் சட்டப்படி 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது.

மருத்துவமனையில் எட்டோமிடேட்டை ஊசியாகத்தான் போடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய், சில நிமிடங்களில் திரும்பும். குப்பியிலிருந்து இழுப்பவருக்கோ எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கே கிடையாது. நடை தள்ளாடும், கைகால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது வெளியே தெரியாத ஒன்று. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. கடும் நோயோ காயமோ வந்தால் ரத்த அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிப்பது அந்தக் கார்ட்டிசோல்தான். ஒரே ஊசி போட்டாலே பல மணி நேரம் சுரப்பு அடங்கிக் கிடக்கும். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இதைத் தொடர்ந்து செலுத்தியபோது இறப்பு கூடியதைக் கண்டு, 1980களிலேயே மருத்துவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அப்படியென்றால் தினமும் இழுக்கும் பிள்ளையின் உடம்பு என்ன பாடுபடும்?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? செய்திகளில் 'எட்டோமிடேட் கலந்த மின்சிகரெட்' என்று வருகிறது. பிழையில்லை. ஆனால் 'சிகரெட்' என்று காதில் விழுந்ததும் பெற்றோர் மனம் புகையிலையோடு நின்றுவிடுகிறது. 'மயக்கக் குப்பி' என்று சிலர் சுருக்கக்கூடும். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. 'மயங்கு' என்றால் கலத்தல், குழம்புதல், அறிவு தடுமாறுதல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்வதை இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்கிறோம். அதே சொல்லை மாலை மயங்கும் நேரம், காதல் மயக்கம் என்று இனிமையாகவும் புழங்குகிறோம். அந்த இனிமை இங்கே ஒட்டக்கூடாது. 'மருந்து' என்ற சொல் நடுவே இருந்தே ஆகவேண்டும்: மயக்கமருந்துக் குப்பி. கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

அக்காவிடமும் அதையே சொன்னேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி குடுப்பாங்களே, அந்த மாதிரி மருந்தைக் குப்பியில அடைச்சு ஆவியா இழுக்கிறாங்க அக்கா."

அவர் உடனே கேட்டார்: "டாக்டர் பக்கத்துல இல்லாமலா?"