பிரெஜுடிஸ்: முன்முடிவா, பாரபட்சமா, காழ்ப்பா?

மத நம்பிக்கையையும் அறிவையும் பற்றிய ஆய்வுச் செய்தி தமிழில் வரும்போதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் வருகிறது. மத நம்பிக்கை உள்ளவர்களுக்கு அறிவு குறைவாம், முன்முடிவு அதிகமாம், ‘ஆய்வில் தகவல்’. இதில் மூன்று கலைச்சொற்கள், மூன்றும் பிசகு. முதல் இரண்டையும் கூட மன்னித்துவிடலாம். ஆங்கிலத்தின் பிரெஜுடிஸை (prejudice) ‘முன்முடிவு’ ஆக்கியதுதான் செய்தியையே கவிழ்க்கிறது.

அந்தச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘பிரே’ என்றால் முன், ‘யூடிகியம்’ என்றால் தீர்ப்பு. உரோமானியச் சட்டத்தில், பின்னால் வரும் வழக்கைப் பாதிக்கக்கூடிய முந்தைய தீர்ப்புக்கு அந்தப் பெயர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட கருத்து எதையும் இதன் உறவுச் சொல் ஒன்றால் குறித்தார்கள். சமயப் போதனையும் அதற்குள் அடக்கம். 1764இல் வெளிவந்த தத்துவ அகராதியில் வால்டேர் தந்த விளக்கமும் அதுதான். நல்ல பிரெஜுடிஸும் உண்டு என்று அவரே அங்கே சொல்கிறார். அந்த வால்டேரைத் தமிழாக்குகிறவர் ‘முன்முடிவு’ என்று எழுதினால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் இருபதாம் நூற்றாண்டில் வருகிறது. சமூக உளவியல் இந்தச் சொல்லைக் கையில் எடுத்து, பொருளைக் குறுக்கிக் கூராக்கியது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில் தெளிவாக வரம்பு கட்டுகிறார். தவறான பொதுமைப்படுத்தல் இருக்க வேண்டும், அது வளையாததாக இருக்க வேண்டும், அதன்மேல் ஒரு வெறுப்பும் நிற்க வேண்டும். வெறும் முன்கணிப்பு வேறு, பிரெஜுடிஸ் வேறு என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். புதிய செய்தி தெரிந்ததும் மாறிவிடுவது முன்கணிப்பு. தெரிந்த பின்னும் மாறாமல் முறைத்துக்கொண்டு நிற்பது பிரெஜுடிஸ். அதாவது, ஆல்போர்ட் எதைப் பிரெஜுடிஸ் ஆகாது என்று ஒதுக்கினாரோ அதற்குத்தான் ‘முன்முடிவு’ மிகச் சரியான தமிழ்! ஒதுக்கியதை எடுத்து நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்.

காய்ச்சலோடு வந்தவரைப் பார்த்ததும் ‘டெங்குவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் நினைப்பது முன்முடிவு. ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்ததும் அது போய்விடும். அதில் வெறுப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. ‘முன்’ என்ற அடையும் தொல்லைதான். இருபது வருடம் அடுத்த வீட்டில் குடியிருந்து, பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் பாத்திரம் மாற்றிக்கொண்ட பிறகும், ‘இவர் மட்டும் தங்கமானவர், மற்றவங்க அப்படி இல்லீங்க’ என்கிறவரிடம் எங்கே முன்? எல்லாம் பின்தான். ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, உடனே வேலியை மறுபடி அடைத்துவிடுவதை ஆல்போர்ட் தனியாகவே எடுத்துப் பேசுகிறார்.

இலக்கணத்திலும் அது முரண்டு பிடிக்கிறது. இன முன்முடிவு, மத முன்முடிவு, சாதி முன்முடிவு என்று ஒட்டிப் பாருங்கள். இனம் எடுத்த முடிவா, இனத்தைப் பற்றிய முடிவா? படிப்பவர் ஒரு கணம் நின்று யோசித்துத்தான் மேலே போக முடிகிறது. போதாக்குறைக்கு, பேட்டிகளில் சங்கடமான கேள்வி கேட்பவரை மடக்க ‘முன்முடிவோட பேசாதீங்க’ என்பது இப்போது தாயத்து மாதிரி ஆகிவிட்டது. ‘முற்சாய்வு’ என்று எழுதுவோரும் உண்டு. அது முடிவை எடுத்துவிட்டுச் சாய்வை வைத்ததே தவிர, ‘முன்’னை விடவில்லை.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை அந்தச் செய்தி வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘மத நம்பிக்கை உள்ளவர்களிடம் முன்முடிவு அதிகம்’ என்று எழுதியதும், நம்பாதவர் என்ன நினைப்பார்? ‘கடவுள் உண்டு என்பதே முன்முடிவுதானே, இதற்கு ஆய்வு வேறா?’ என்பார். நம்புகிறவர், ‘என் நம்பிக்கையை முன்முடிவு என்று ஏசுகிறார்கள்’ என்பார். ஆய்வு சொன்னது இரண்டும் அல்ல. கடவுளைப் பற்றிய முடிவை யாரும் அளக்கவில்லை. பிற மனிதர்கள்மீது இருக்கும் கசப்பை அளந்தார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பொருள் புறவாசல் வழியாக நுழைந்து, ஒரு கண்டுபிடிப்பை வெறும் கூறியது கூறலாக மாற்றிவிடுகிறது.

எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தாலே சொல் எது என்று தெரிந்துவிடும். பரவலாக இருக்கும் முறை ‘உணர்வு வெப்பமானி’. ஒரு குழுவின் பெயரைச் சொல்லி, அவர்கள்மீது உங்கள் மனம் எவ்வளவு இதமாக அல்லது குளிராக இருக்கிறது என்று 0 முதல் 100 வரை எண் கேட்பார்கள், 50 நடுநிலை. இன்னொன்று அமெரிக்கச் சமூகவியலாளர் எமரி போகார்டஸ் 1925இல் எழுதிய சமூகத் தொலைவு அளவுகோல். இந்தக் குழுவைச் சேர்ந்தவரைத் திருமண உறவாக ஏற்பீர்களா, நண்பராக, தெருக்காரராக, உடன் வேலை செய்பவராக, நாட்டுக் குடிமகனாக, வெறும் பயணியாக ஏற்பீர்களா, அல்லது நாட்டுக்குள்ளேயே விட மாட்டீர்களா என்று ஏழு படி இறங்கும். இரண்டிலும் கேட்பது மனநிலையை. யாருக்கும் யாரும் எதையும் செய்துவிடவில்லை.

‘பாரபட்சம்’ தோற்கும் இடமும் இதுதான். வடசொல் என்பதால் அதை விரட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் இடத்தில் அது நல்ல சொல். பட்சம் என்றால் பக்கம், சிறகு. பங்கு பிரிக்கிறவர், தீர்ப்பு சொல்கிறவர், மதிப்பெண் போடுகிறவர் ஒரு பக்கம் சாய்ந்தால் பாரபட்சம். அது செயலின் குற்றம். பிரெஜுடிஸ் மனத்தில் இருப்பது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கியதில் ஒரே ஓரிடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. பின்பு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934இல் வெளியான இந்த ஆய்வை ‘பாரபட்சம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் எழுதிப் பாருங்கள். பாரபட்சம் இருந்தது, ஆனால் பாரபட்சம் காட்டவில்லை என்று உளற வேண்டியிருக்கும். செயலுக்குப் பாகுபாடு, மனத்துக்கு வேறு சொல் என்று பிரித்தால் சிக்கல் தீர்ந்தது. (பாகுபாடும் பகுத்தறிவும் ‘பகு’ என்ற ஒரே வேரில் பிறந்தவை. ஒன்று வசைச்சொல், மற்றது கொள்கைப் பெயர்!)

‘தப்பெண்ணம்’ இவற்றைவிட மேல். மனத்தில் இருப்பது என்று சொல்கிறது, தவறு என்றும் சொல்கிறது. ஆனால் தப்பு என்றால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. கும்பகோணத்துக்கு எந்தப் பேருந்து என்பதில்கூட ஒருவருக்குத் தப்பெண்ணம் இருக்கலாம்.

என் தேர்வு காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் உள்ளே வயிரம் பாய்ந்த பகுதி. இளமரத்தை நகத்தால் கீறலாம். காழ் ஏறிய மரத்தில் கோடரி வாய் மழுங்கும். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு, காழ்த்த பிறகு வெட்டுகிறவன் கையையே அது வெட்டும் என்கிறது குறள் 879:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து.

பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் வரும் குறள் இது. ஆல்போர்ட் கேட்ட வளையாத தன்மையும் வெறுப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இனக்காழ்ப்பு, மதக்காழ்ப்பு, சாதிக்காழ்ப்பு என்று எதனோடும் ஒட்டும். காழ்த்த மனம் என்று வினையாகவும் இறங்கும். ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’ என்று ஊழல் வழக்கு போட்டதும் அறிக்கை விடுகிறார்களே, அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டதே என்பீர்கள். கெட்டது ‘உணர்ச்சி’ ஒட்டிய வடிவம். வாலை வெட்டிவிட்டால் தலை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லை வைத்து ஆய்வுகளைப் படிக்கும்போது வேறு படம் கிடைக்கிறது. ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967இல் வெளியிட்ட கட்டுரை, முந்தைய ஆய்வுகளின் முடிவாக இதைச் சொல்கிறது: தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம், போகாதவர்களைவிடச் சராசரியாகக் காழ்ப்பு அதிகம். ஆனால் அடிக்கடி போகிறவர்களிடம், எப்போதாவது போகிறவர்களைவிடக் குறைவு. மதத்தைத் தன் வாழ்வாகக் கொண்டவர், மதத்தைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துகிறவர் என்று அவர்கள் பிரித்தார்கள். முதல்வகையினரைவிட இரண்டாம் வகையினரிடம் காழ்ப்பு கூடுதல். மதத்துக்குச் சாதகமாக எந்த வாக்கியத்தை நீட்டினாலும், ஒன்றோடொன்று முரண்பட்டாலும், ‘ஆமாம்’ போட்டவர்களிடம்தான் உச்சம். தொல்காப்பிய மரபியல் உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வயிரம் உள்ள பனை போன்றதைப் புல் என்றும் பிரிக்கிறது: அகக்காழ், புறக்காழ். ராஸ்-ஆல்போர்ட் வகைகளுக்கு இதையே வைக்கலாமா என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் காழ்ப்பை ஒரு பொருளுக்கு வைத்துவிட்டுக் காழை அடுத்த வரியில் வேறொன்றுக்கு வைத்தால், அப்புறம் நானும் அந்தச் செய்தி எழுதியவரும் ஒன்று.

அறிவு என்று எழுதியதற்கும் வருவோம். அறிவு என்பது அறிந்ததும்தான், அறியும் திறனும்தான். சோதனைத்தாள் வைத்து மதிப்பெண் போடுவதற்குப் பள்ளிப் பாடநூல் வழக்கு நுண்ணறிவு, அதையே வைக்கலாம். காவல்துறை அதே சொல்லை உளவு பார்க்கும் பிரிவுக்கு வைத்திருப்பது தனிக் கூத்து. ‘மத நம்பிக்கை’யும் இங்கே போதாது. வழிபாட்டுக்குப் போவதையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள், ஆகவே மதப்பற்று. உளவியலாளர் மிரோன் ஜுக்கர்மேனும் உடனாய்வாளர்களும் 2013இல் 63 ஆய்வுகளைத் தொகுத்ததில், நம்பிக்கைக்கும் நுண்ணறிவுக்கும் உள்ள எதிர்த்தொடர்பைவிட, வழிபாட்டுக்குப் போவது போன்ற நடத்தைக்கும் நுண்ணறிவுக்கும் உள்ள தொடர்பு பலவீனம். பெரும்பாலும் மேலைநாட்டு, அதிலும் அமெரிக்கக் கிறித்தவர்களை வைத்துச் செய்தவை இவை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இதை அப்படியே தூக்கிக்கொண்டு வர இடமில்லை.

ஜுக்கர்மேன் குழு கண்ட சராசரி ஒட்டுறவுக் கெழு −0.24. (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண் இது. 0 என்றால் ஒட்டுறவு இல்லை, −1 என்றால் ஒன்று கூடக் கூட மற்றது தவறாமல் குறையும்.) இதை ‘அறிவு குறைவு’ என்று இரண்டு சொல்லில் முடித்தால் என்ன கெடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. கெழுவின் வர்க்கம் ஏறத்தாழ 0.06. ஆக, ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறுவதில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மதப்பற்றோடு சேர்ந்து மாறுகிறது. இரண்டும் மணிவளைவுப் பரவலில் இருப்பதாகக் கொண்டு, குருட்டாம்போக்கில் இருவர் இருவராக நூறு சோடி எடுத்தால், சுமார் 58 சோடிகளில் மதப்பற்று மிகுந்தவருக்கு மதிப்பெண் குறைவாக இருக்கும். மீதி 42இல் நேர்மாறு. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். அந்த எட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை தலைப்பு.

நுண்ணறிவு கூடினால் காழ்ப்பு குறையுமா? மார்க் பிராண்ட்டும் ஜாரெட் கிராஃபோர்டும் 2016இல், 5,914 அமெரிக்கர்களின் விடைகளை எடுத்து, 24 குழுக்கள்மீது உள்ள மனப்பான்மையை ஆராய்ந்தார்கள். திறன் குறைந்தவர்களின் காழ்ப்பு நாத்திகர், ஒருபாலீர்ப்பினர், சிறுபான்மை இனத்தார் பக்கம் போனது. திறன் கூடியவர்களின் காழ்ப்பு பெருநிறுவனங்கள், கிறித்தவ அடிப்படைவாதிகள் பக்கம் போனது. ஆள் மாறியதே தவிர, காழ்ப்பு காணாமல் போகவில்லை. ‘முன்முடிவு’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த ஆய்வு கண்ணிலேயே படுவதில்லை; பட்டாலும் ‘அறிவாளிகளுக்கும் முன்முடிவு உண்டு’ என்று எழுதி, வாசகரைக் கொட்டாவி விட வைப்பார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் காழ்ப்பைச் செருக முடியாது. தன் சாதிக்காரன் என்றால் எதையும் மன்னிக்கும் மனத்தில் வெறுப்பு இல்லை. அதற்கு ‘ஓரம்’ இருக்கிறது. வழக்கு மன்றத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேசியவரின் வீட்டை ‘மன்றோரம் சொன்னார் மனை’ என்று நல்வழியில் ஔவை பாழாகச் சபித்தாரே, அந்த ஓரம். தனக்கே தெரியாமல் உள்ளே இருக்கும் சாய்வுக்குக் குறள் 119 தரும் ‘உட்கோட்டம்’ எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறது. வங்கிக் கடிதத்திலும் வக்கீல் நோட்டீஸிலும் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று வருவது அந்தப் பழைய உரோமானியப் பாதிப்பு. அதைத் ‘தப்பெண்ணமின்றி’ என்று பெயர்த்தால், எதிராளி நம்மை நல்லெண்ணக்காரர் என்று நினைத்துக்கொள்வார். அங்கே எழுத வேண்டியது ‘எமது உரிமைகளுக்குக் குந்தகமின்றி’.