பாழூர்த் தொகுதி: 'ராட்டன் பரோ' என்ற சொல்லின் கதை

'ராட்டன் பரோ' என்ற ஆங்கிலத் தேர்தல் சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது கை தானாகவே 'அழுகிய தொகுதி' என்று எழுதிவிடுகிறது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அகராதியை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ராட்டன் என்றால் அழுகியது, பரோ என்றால் தொகுதி. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பேர்போன இடத்தில் அழுகிக் கிடப்பது எதுவுமில்லை. புல் படர்ந்த ஒரு மேடு, சிதைந்த சுவர்கள், ஓயாத காற்று. அழுகுவதற்குக்கூட அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மேட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு 'அழுகிய' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடலாம். 1832க்கு முந்தைய பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், குடிமக்கள் போய்விட்ட பிறகும், அல்லது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகும், பழைய உரிமையின் பேரில் உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்த ஊர்தான் ராட்டன் பரோ. பெரும்பாலும் ஊருக்கு இரண்டு உறுப்பினர்கள். அதே காலத்தில் லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. பர்மிங்காம், லீட்ஸ் நகரங்களுக்கும் அதே நிலைதான்.

'பரோ' பழைய ஆங்கிலத்தின் 'புர்ஹ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். எடின்பரோ, கேன்டர்பரி, சாலிஸ்பரி என்று ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் இதே சொல்தான். கோட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது, ஊர் அரசரிடம் பட்டயம் வாங்கி நகரமானது, அப்புறம் அந்த நகரம் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது. இப்படிக் கோட்டை, ஊர், தொகுதி என்ற மூன்று பொருளும் ஒரே சொல்லில் ஏறிக்கொண்டன. 'ராட்டன்' ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல். உளுத்துப்போன மரத்துக்கும் கெட்டுப்போன பழத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே.

சொல்லுக்குப் பேர்போன இடம் என்றேனே, அதன் பெயர் ஓல்ட் சேரம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரிக்கு வடக்கே இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் 'கோட்டைமேடு' என்போமே, அப்படியே ஒரு கோட்டைமேடு. இரும்புக் காலத்து மண்கோட்டைக்குள், பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் அரண்மனை கட்டினார்கள், பெரிய தேவாலயம் எழுப்பினார்கள். ஆனால் மேட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு, தாங்க முடியாத காற்று, கோட்டைக் காவலர்களோடு பாதிரியார்களுக்குத் தீராத சண்டை. கடைசியில் தேவாலயத்தையே கீழே ஆற்றோரச் சமவெளிக்கு மாற்ற முடிவு செய்து, 1220இல் அங்கே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். ஜனங்களும் பின்னாலேயே இறங்கிப் போனார்கள். பழைய தேவாலயத்தின் கல்லைக்கூட விடாமல் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கீழே உருவான புது ஊர்தான் இன்றைய சாலிஸ்பரி.

புது ஊருக்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடம் கிடைத்தது, சரி. ஆனால் பழைய மேட்டுக்கு இருந்த இரண்டு இடத்தை யாரும் எடுக்கவில்லை. 1295இல் அரசர் முதலாம் எட்வர்ட் கூட்டிய பாராளுமன்றத்தில் தொடங்கிய அந்த உரிமை, இடையில் விட்டுவிட்டு நடந்தாலும், 1832 வரை உயிரோடு இருந்தது.

மனிதர்களே இல்லாத இடத்தில் யார் ஓட்டுப் போட்டார்கள்? வாக்குரிமை அங்கே மனிதருக்கு இல்லை, மனைக்கு. இதை 'பர்கேஜ்' முறை என்பார்கள். பழைய நகர மனைகளில் ஒன்று யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. அந்த மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை. அவர் அங்கே குடியிருக்க வேண்டியதுமில்லை. மனைகளையெல்லாம் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதியே அவருடையது. இத்தகைய தொகுதிகளில் தேர்தல் நெருங்கும்போது உடைமையாளர் பத்திரங்களைத் தன் நம்பிக்கையான ஆட்களின் பெயருக்கு மாற்றித் தருவார், அவர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரகசிய வாக்கெடுப்பு பிரிட்டனுக்கு வந்தது 1872இல்தான். அதுவரை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓல்ட் சேரத்தில் வயல்வெளியில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் தேர்தல் நடக்கும். அந்த மரத்துக்கே 'பார்லிமென்ட் மரம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அங்கே வாக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று ஆராய, கட்சி நிலவரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பத்திரம் யார் கையில் இருந்தது என்று பார்த்தால் போதும். சாலிஸ்பரி பிரபுக்களான செசில் குடும்பத்தின் கையில் இருந்து, பிட் குடும்பத்துக்கு வந்து, 1802இல் கேலடன் பிரபுவிடம் போனது. உடைமையாளர் கைகாட்டிய உறவினரும் நண்பருமே உறுப்பினர் ஆனார்கள். கடைசித் தேர்தல் நடந்த 1831இல் வாக்காளர்கள் 11 பேர். ஒருவரும் அந்த மேட்டில் வசித்தவர் இல்லை.

செசில் குடும்பத்திடமிருந்து 1691 வாக்கில் அதை வாங்கியவர் தாமஸ் பிட். சென்னையின் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி இந்தியாவோடு திருட்டு வணிகம் செய்து பணம் சேர்த்தவர். பிறகு அதே கம்பெனி அவரைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக அனுப்பியது. 1698 முதல் 1709 வரை இருந்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் 1708இல் கம்பெனிக்குக் கிடைத்தது இவர் காலத்தில். கோல்கொண்டா வைரம் ஒன்றை இங்கே வாங்கி, 1717இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றவரும் இவரே. அது இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைரக் காசில்தான் தொகுதியை வாங்கினார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேட்டை வாங்கியது முதலில், வைரம் அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு. 1802இல் வாங்கிய கேலடன் பிரபுவின் குடும்பச் சொத்தும், அவருடைய தந்தை கம்பெனி வேலையில் இந்தியாவில் சேர்த்ததுதான்.

ஓல்ட் சேரத்தோடு இது நின்றிருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். பால் பென்ஃபீல்டின் கதை அப்படி விட்டுவிடக்கூடியது அல்ல. 1764இல் கம்பெனியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தவர், ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுப்பவராக மாறினார். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக்கொடுத்தது நிலவரி வருவாயை. 1773இல் தஞ்சாவூர் அந்த ஆற்காடு நவாபின் கைக்குப் போனபோது தஞ்சை விளைச்சலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. 1776இல் சென்னை ஆளுநர் பிகட் தஞ்சாவூரை மராத்திய அரசரிடம் திருப்பி ஒப்படைக்கப் போனார். வயலில் நிற்கும் பயிரின் மேல் எனக்குப் பாத்தியதை உண்டு என்று பென்ஃபீல்ட் வழக்கு வைத்தார். அந்தத் தகராறு முற்றி, ஆளுநரையே அவருடைய ஆலோசனைக் குழுவினர் சிறைபிடித்தார்கள். மறு ஆண்டு காவலில் இருந்தபடியே பிகட் இறந்துபோனார். பென்ஃபீல்ட் இங்கிலாந்துக்குப் போய் 1780இல் கிரிக்லேட் தொகுதியின் உறுப்பினர் ஆனார். தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவர் உருவாக்கினார் என்று 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் பாராளுமன்றத்திலேயே குற்றம்சாட்டினார். நவாபின் கடன்களைப் பற்றிய அந்த உரை புகழ்பெற்றது. எட்டு என்ற கணக்கு பர்க்குடையது. ஆனால் காவிரிப் படுகையின் நெல் லண்டன் பாராளுமன்றத்தின் இருக்கைகளாக மாறிய வழி பொய்யல்ல. இந்தச் சொல்லுக்கு நாம் தமிழில் ஒரு நல்ல பெயர் வைத்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த முறைக்கு விலை கொடுத்தவர்களில் நம் உழவர்களும் உண்டு.

பர்க்கும் இன்னொருவர் கைக்குள் இருந்த தொகுதி வழியாக வந்தவர்தான். தாமஸ் பிட்டின் பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலில் நுழைந்தது ஓல்ட் சேரம் வழியாக. அதே மனிதர் 1766இல், இத்தகைய ஊர்களை அரசமைப்பின் அழுகிய பகுதி என்கிறார்கள், தானாக உதிராவிட்டால் வெட்டி எறிய வேண்டியிருக்கும் என்று பேசினார். அழுகல் என்ற உருவகம் மருத்துவரின் கத்தியோடு சேர்ந்து வருவதை இங்கே கவனியுங்கள். பிட் பேசியது அரசமைப்பு என்ற உடம்பில் அழுகிய உறுப்பைப் பற்றி. ஊரைப் பற்றி அல்ல.

அவருடைய மகன் இளைய பிட், பிரதமராக இருந்தபோது 1785இல், உடைமையாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து 36 ஊர்களின் உரிமையை நீக்க மசோதா கொண்டுவந்து தோற்றார். 1800இல் அயர்லாந்தை இணைத்தபோது, நீக்கப்பட்ட ஐரிஷ் ஊர் ஒன்றுக்கு 15,000 பவுன் வீதம் உடைமையாளர்களுக்கு உண்மையிலேயே கொடுத்தார்கள். 1832 சீர்திருத்தச் சட்டம் 56 ஊர்களின் உரிமையை ஒரு காசும் கொடுக்காமல் முழுதாக நீக்கியது. ஓல்ட் சேரமும், பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்ட டன்விச்சும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இனி தமிழுக்கு வருவோம். 'தொகு' என்ற வினையிலிருந்து வந்தது 'தொகுதி'. தொகை, தொகுப்பு எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ஒன்றாகத் திரண்டது என்று பொருள். நூலின் 'முதல் தொகுதி' என்கிறோமே, அதுவும் இதுதான். தேர்தலுக்கு வந்தபோது, திரண்ட மக்கள் என்ற பொருளில் அழகாகப் பொருந்திக்கொண்டது. (உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்காக ஊரைப் பிரித்த 30 பிரிவுகளுக்குக் 'குடும்பு' என்று பெயர். வார்டு என்று சொல்வதற்குப் பதில் அதை மீட்டெடுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.) சிக்கல் என்னவென்றால், ஓல்ட் சேரத்தில் திரண்டவர் எவருமில்லை. 'தொகுதி' என்று மட்டும் சொன்னால் இல்லாத மக்களை இருப்பதாகக் காட்டிவிடும். பரோவுக்குள் இருக்கும் 'ஊர்' என்ற பொருளும் தொலைந்துபோகும்.

'சொத்தைத் தொகுதி' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். சொத்தைக் கடலையில் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சொத்தைக்குப் பூச்சி வேண்டும், உள்ளிருந்து அரித்த குற்றம் வேண்டும். மேட்டை விட்டு இறங்கிப்போன ஜனங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. டன்விச்சை விழுங்கிய கடலும் பூச்சி இல்லை.

மிஞ்சுவது 'பாழ்'. பாழடைந்த வீடு, பாழுங்கிணறு, பாழ்நிலம் என்று எல்லா இடத்திலும், இருந்தது போய் வெறுமை நிற்பதைத்தான் அது சொல்கிறது. பரிபாடலில் எண்களை வரிசையாகச் சொல்லும்போது 'பாழ்' ஒன்றுக்கும் முன்னால் வருகிறது. சுழியத்தின் பெயர் அது. குடி போன ஊரைப் 'பாழூர்' என்பது பழைய வழக்கு. ஆகவே ராட்டன் பரோவுக்குப் 'பாழூர்த் தொகுதி' என்பதே என் பரிந்துரை. ஊர் என்ற பொருளும் நிற்கிறது, அது வெறுமையானதும் தெரிகிறது. அப்படியும் தொகுதி என்ற பெயரைச் சுமந்து நிற்கும் முரணும் சொல்லிலேயே இருக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'பாக்கெட் பரோ'. அது ஒரு பிரபுவின் பைக்குள் அடங்கிய தொகுதி. அங்கே ஊர் உயிரோடு இருக்கலாம், மக்கள் இருக்கலாம்; ஓட்டு மட்டும் அவர் சொன்ன பக்கம் விழும். பணத்தை வேட்டி மடியில் முடிந்துகொள்ளும் வழக்கம் நம்முடையது, அதனால் 'மடித் தொகுதி' என்பேன். ஓல்ட் சேரம் இரண்டுமாக இருந்தது. 'பாட்வாலப்பர்' என்று இன்னொரு வகை உண்டு: தனி அடுப்பில் உலை வைப்பவருக்கெல்லாம் ஓட்டு. தனிக்குடித்தனத்தைத் 'தனி அடுப்பு' என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'உலைவாக்குத் தொகுதி' என்றால் புரிந்துவிடும்.

இன்று 'ராட்டன் பரோ' என்ற சொல்லைச் சின்னத் தொகுதிகளின் மேல் எறிகிறார்கள். அது சரியல்ல. லட்சத்தீவு மக்களவைத் தொகுதியில் வாக்காளர்கள் 60,000க்கும் குறைவு, தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் 30 லட்சத்துக்கு மேல். இது ஏற்றத்தாழ்வுதான். ஆனால் லட்சத்தீவில் மக்கள் வாழ்கிறார்கள், தங்கள் ஓட்டைத் தாங்களே போடுகிறார்கள். அதேபோல 2008 மறுவரையறையில் மக்களவைத் தொகுதி என்ற தகுதியை இழந்த சிவகாசி, பழனி, புதுக்கோட்டையெல்லாம் பாழூர்த் தொகுதிகள் அல்ல. ஊர் அப்படியே இருக்கிறது, கோடு மட்டும் இடம் மாறியது. அவற்றை 'நீக்கிய தொகுதி' அல்லது 'முன்னாள் தொகுதி' என்றால் போதும்.

எழுதும்போது இப்படிப் பயன்படுத்தலாம்: "மூத்த பிட் ஓல்ட் சேரம் என்ற பாழூர்த் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார்." "1832 சட்டம் 56 ஊர்களின் உரிமையை நீக்கியது. அவற்றில் பாழூர்த் தொகுதிகளும் மடித் தொகுதிகளும் இருந்தன."